கலாம் ஒன்பதாவதா வந்த தேர்வு

வால்பாறையில நல்ல மழை, கூரைச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. விமானி வேலைக்கு ஆள் எடுக்கும்போது குணத்தைச் சோதிக்கிறாங்களே, அதுல பிரயோஜனம் இருக்கா? இன்னைக்கு அதைப் பத்தித்தான்.

1950-களின் கடைசி. சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிச்ச அப்துல் கலாம், விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் போகிறார். வந்தவர்கள் 25 பேர், இடம் 8. இவர் ஒன்பதாவது. அங்கே அறிவைவிட ஆளுமைக்குத்தான் அழுத்தம் இருந்த மாதிரி பட்டதுன்னு 'அக்னிச் சிறகுகள்'ல சொல்றார்.

இந்த முறை இரண்டாம் உலகப்போர் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்திடமிருந்து வந்தது. இந்தியாவில் முதல் சோதனை வாரியம் 1943-ல் அதே டேராடூனில்தான் ஆரம்பித்தார்கள். இப்பவும் 60 வார்த்தை, ஒவ்வொண்ணுக்கும் 15 விநாடி. ஒரு படத்தை 30 விநாடி காட்டி, 4 நிமிஷத்துல கதை எழுதச் சொல்வாங்க. விமானி ஆகணும்னா இதுக்கு மேல கருவிகளை இயக்கும் திறனுக்குத் தனித் தேர்வு.

எனக்கு இடிக்கிற இடம் இதுதாங்க. கழிச்சவங்களை யாரும் பறக்க விடறதில்லை. அப்ப கழிச்சது சரியான்னு எப்படித் தெரியும்? கோடுல ஒரு டெஸ்ட் ஃபெயில்னு சொன்னா, டெஸ்டே தப்பான்னும் பார்ப்போம்ல?

அமெரிக்க ராணுவ விமானப்படை அதைப் பார்த்தது. 1943-ல், ஜான் ஃப்ளானகன் நடத்திய உளவியல் திட்டத்தில், மதிப்பெண் எதுவானாலும் பரவாயில்லைன்னு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திறன் சோதனைகளில் மதிப்பெண் குறைந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சியிலேயே கழிந்துபோனார்கள். திறன் சோதனை ஜெயிச்சது. ஆனா அதே திட்டத்தில், மைக்கறையைக் காட்டி 'என்ன தெரியுது?'ன்னு கேட்கும் ரோர்ஷாக் சோதனை கிட்டத்தட்ட எதையும் கணிக்கவில்லை.

அப்ப குணம் முக்கியமில்லையா? ஆழியாறுல இருந்து எங்க ஊருக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸைத் திருப்பறது கைப்பழக்கம். எதிர்ல வர்றவனுக்கு வழி விட்டு நிக்கறது குணம். முதலாவதை ஒரு மணி நேரத்துல சோதிச்சிடலாம், ரெண்டாவது தெரிய வருஷக்கணக்காகும்.

2015 மார்ச் 24. ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அவர் 2008-ல் தேர்வாகிப் பயிற்சியில் சேர்ந்தவர். மனச்சோர்வு வந்து பயிற்சி நின்றது அதுக்கப்புறம்தான். குணமாகித் திரும்பி வந்தார். கடைசி மாதங்களில் நோய் திரும்பியதை நிறுவனத்திடம் மறைத்துவிட்டார். சேரும்போது வைக்கிற தேர்வு இதை எப்படிங்க பிடிக்கும்? சொன்னா லைசென்ஸ் போயிடும்ங்கற பயம் இருந்தா யாருதான் வாயைத் திறப்பாங்க?

2018-ல் ஐரோப்பா கொண்டுவந்த விதியில் நுழைவு உளவியல் மதிப்பீடு இருக்கு. எனக்குப் பெரிசாப் படறது அதோட சேர்ந்து வந்த இன்னொண்ணு: பயமில்லாம சக விமானியிடமே மனசு விட்டுப் பேச ஒரு ஏற்பாடு. இந்தியாவில் டி.ஜி.சி.ஏ.வும் 2023-ல் இதே வழியில் சுற்றறிக்கை விட்டது.