சோழி சொல்லும் வரலாறு

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் கடற்கரை இல்லை. ஆயினும், தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் அவ்வெல்லைப் பகுதிகளில் கடல்படு பொருள் ஒன்று நெடுங்காலமாகப் பழகி வருகிறது. நாம் அதனைச் சோழி என்றும் பலகறை என்றும் சொல்கிறோம்; மலையாளத்தார் கவடி என்பர். பிரசன்னம் பார்க்கும் சோதிடர் அதனைப் பலகையில் பரப்பிக் கணக்கிடுகிறார். நம் பெண்டிர் அதனைக் கொண்டு பல்லாங்குழி ஆடுகின்றனர். இச்சிறு பொருள் ஒரு காலத்தில் நாணயமாக ஆட்சி செலுத்தியது. அவ்வாட்சி முடிந்தபோது துன்புற்றோர் ஏழை எளியவரே.

சோழி, வெப்பக் கடல்களில் வாழும் ஒரு சிறு நத்தையின் ஓடு. அதன் நீளம் பெரும்பாலும் 2 அல்லது 3 சென்டிமீட்டர். நத்தை ஊர்ந்து செல்கையில் அதன் மெல்லிய தசைப்போர்வை ஓட்டின் வெளிப்புறத்தையும் மூடிக்கொள்கிறது. ஆதலின் ஓட்டின் பளபளப்பு மங்குவதில்லை. 1758இல் லின்னேயஸ் என்னும் அறிஞர் இதற்கு இட்ட பெயரில், நாணயத்தைக் குறிக்கும் 'மொனேட்டா' என்னும் இலத்தீன் சொல் அமைந்திருக்கிறது. சோழி எளிதில் உடையாது, எண்ணுவதற்கு ஏற்றது, போலி செய்வதற்கு அரியது. நாணயத்துக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்?

மாலத்தீவுகளே சோழியின் பெருஞ்சுரங்கமாக விளங்கின. 14ஆம் நூற்றாண்டில் அங்குத் தங்கிய இபின் பதூதா, தீவினர் சோழியைக் கொடுத்து வங்காள வணிகரிடம் அரிசி பெற்றதை எழுதியுள்ளார். வங்காளத்திலும் ஒடிசாவிலும் 4 சோழி ஒரு கண்டா; 80 சோழி ஒரு பணம்; 1,280 சோழி ஒரு காஹண். உப்பும் கீரையும் வாங்கும் ஏழைக்கு வெள்ளி நாணயம் எட்டாது. சோழியே அவனுடைய செல்வம். அதே சோழியை ஐரோப்பிய வணிகர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல்களில் ஏற்றிச் சென்று, மனிதரையே அடிமைகளாக விலைக்கு வாங்கிய கொடுமையும் நிகழ்ந்தது.

1803இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒடிசாவைக் கைப்பற்றியது. நிலவரியை வெள்ளி ரூபாயாகவே செலுத்த வேண்டுமென்று பின்னர் வற்புறுத்தியது. உழவர் கையில் இருந்ததோ சோழி. வெள்ளிக்காக அதனை மாற்றச் சென்றவிடத்து அதன் மதிப்பு வீழ்ந்தது; வரிச்சுமை பெருகியது; நிலங்கள் கைமாறின. 1817இல் குர்தாவில் பக்ஷி ஜகபந்து தலைமையில் பாயிக்கர் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் மானிய நிலங்களை இழந்தது, உப்பு விலை உயர்ந்தது முதலிய காரணங்களோடு சோழி நாணயம் ஒழிந்ததும் ஒரு காரணமாயிற்று.

வடநாட்டில் வாழும் நம்மவர் 'பூட்டீ கௌடீ' என்னும் வழக்கைக் கேட்டிருப்பர். உடைந்த சோழி என்பது அதன் பொருள். ஒன்றுமே இல்லாத வறுமையைக் குறிக்க அதனை ஆள்வர். சோழி அன்றும் உடையவில்லை, இன்றும் உடையவில்லை. அதனை ஏற்றுக்கொண்ட அரசின் கைதான் மூடிக்கொண்டது. நாணயத்தின் மதிப்பு ஓட்டிலும் இல்லை, உலோகத்திலும் இல்லை. வாங்குவோர் மனம் இசைவதிலேயே இருக்கிறது.