நேட்டாலில் நம்மவர் குடிகளான வரலாறு

ஒரு நாட்டிற்குச் சென்று வருதல் வேறு. அந்நாட்டிலே வாழ்தல் வேறு. சென்று வருவோனுக்குக் கடலும் கரையும் கண்ணுக்கு விருந்தாகும். வாழ்வோனுக்கோ வீடும் நிலமும் சுடுகாடும் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரையில் இந்துமகா சமுத்திரத்தை நோக்கிக் கிடக்கும் நேட்டால் மாகாணத்திலும், அதன் துறைமுகமாகிய டர்பன் நகரத்திலும் நம்மவர் கூலிகளாய் இறங்கிய நாள்முதல், அந்நாட்டின் நிலையான குடிகள் என்று ஏற்கப்பட்ட நாள்வரையில் நூறாண்டுகள் கழிந்தன. அந்த நூறாண்டு வழக்கு முழுவதும், 'இவர் வந்து போகிறவரா, வாழ வந்தவரா?' என்னும் ஒரே வினாவைப் பற்றியதாகும். அதனைச் சுருக்கி ஈண்டு வரையப் புகுகின்றோம்.

1497-ஆம் வருஷம் கிறிஸ்து பிறந்த திருநாளில் வாஸ்கோடகாமா இக்கரையோரமாய்க் கப்பல் செலுத்தியதால், பிறப்பு எனப் பொருள்படும் நேட்டால் என்னும் பெயர் இதற்கு வாய்த்தது. ஆங்கில வியாபாரிகள் 1824-இல் இங்குள்ள விரிகுடாவில் வந்து தங்கினர். 1835-இல் அவ்வூருக்குக் கேப் நாட்டுக் கவர்னராயிருந்த டர்பன் என்பவரின் பெயர் இடப்பட்டது. 1843-இல் நாடு பிரிட்டிஷார் வசமாயிற்று. ஆயினும் அந்நிலத்துப் பழங்குடிகளாகிய ஜூலு ஜனங்கள் அவ்விடத்தை எத்தெக்வினி என்றே வழங்கினர். இன்று அந்நகராண்மை தாங்கியிருப்பதும் அப்பெயரே. கடற்கரையை அடுத்த வெப்பமும் ஈரமும் பொருந்திய நிலம் கரும்புக்கு ஏற்றதெனக் கண்ட வெள்ளைத் தோட்டக்காரர்கள் கரும்பு பயிரிட்டனர். ஜூலு ஜனங்களோ தம் ஆடுமாடுகளையும் விளைநிலத்தையும் விட்டு அயலான் தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் அடிமைபோல் உழைக்க மனங்கொண்டிலர். ஆகவே இந்தியாவினின்றும் ஆள் வரவழைக்க ஏற்பாடு செய்யப்பட்டது.

1860-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையினின்றும் புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. பத்து நாட்களுக்குப் பின் கல்கத்தாவினின்றும் 'பெல்விடேர்' வந்தது. அதுமுதல் 1911 வரையில் இவ்வாறு சென்றோர் 1,52,000-க்கு மேற்பட்டோர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையில் கப்பலேறியவர்கள். வடஆற்காடு முதலிய தமிழ் ஜில்லாக்களையும் விசாகப்பட்டினம் முதலிய தெலுங்கு ஜில்லாக்களையும் சேர்ந்தவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் வருஷத்தில் மாதம் 10 ஷில்லிங் கூலி, பின் வருஷந்தோறும் ஒரு ஷில்லிங் உயர்வு, பத்தாண்டு கழிந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல். கரும்புத் தோட்டம், இருப்புப்பாதை, நிலக்கரிச் சுரங்கம், நகர சுத்தி ஆகிய தொழில்களில் இவர்கள் அமர்த்தப்பட்டனர். சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுதலும் குற்றம். 1871-இல் ஊர் திரும்பியவர்கள் தாங்கள் பட்ட அடியையும் பிடித்துக்கொள்ளப்பட்ட கூலியையும் எடுத்துரைத்ததன் பேரில், 1872-இல் விசாரணைக் கமிஷன் ஒன்று அமர்ந்தது. 1866 முதல் நின்றிருந்த ஆளனுப்புதல் 1874-இல் மறுபடியும் தொடங்கிற்று.

கப்பலேறிய ஒவ்வொருவருடைய பெயரும், தகப்பன் பெயரும், வயதும், ஜாதியும், ஜில்லா, தாலூகா, கிராமம் என்பனவும், அங்க அடையாளமும் பதிவேட்டில் வரையப்பட்டு, ஆளுக்கொரு எண்ணும் இடப்பட்டது. அப்பதிவேடுகள் இன்றும் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஏட்டில் ஜாதி எழுதப்பட்டதேயன்றி, கப்பலின் அடித்தட்டிலும் கூலி லயங்களிலும் அது நிலைபெற வழியில்லை. எல்லோரும் ஒரே கொப்பரைச் சோற்றை உண்டனர். ஒரே குழாய் நீரை மொண்டனர். ஆடவரினும் பெண்டிர் தொகை மிகக் குறைந்திருந்தமையால், மணவினையில் குலம் பார்த்தல் அரிதாயிற்று. தமிழர், தெலுங்கர், இந்துஸ்தானியர் என்னும் மொழிப்பிரிவு நெடுங்காலம் நின்றது. ஜாதிப்பிரிவு அதற்கு முன்னரே தளர்ந்தது. பிள்ளை, நாயுடு, படையாட்சி முதலிய பட்டப்பெயர்கள் ஐரோப்பிய வழக்கப்படி குடும்பப் பெயர்களாய் நிலைத்தன. கவுண்டர் என்பது கவெண்டர் என்றும், முதலியார் என்பது மூட்லி என்றும் திரிந்தன. கப்பலில் எழுதிய ஜாதியும் பின்னர்ப் பூண்ட பட்டமும் எல்லோர்க்கும் ஒன்றாய் அமைந்தில. இதனை அறிந்துகொள்ளுதல் நம்போன்ற சங்கத்தார்க்கு இன்றியமையாதது.

ஒப்பந்தம் தீர்ந்தவர்களுள் பலர் ஊர் திரும்பாது அங்கேயே தங்கினர். ஆற்றங்கரை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டு, விடியற்காலையில் கூடையைத் தலைமேற் சுமந்து நகரத்திற்கு வந்து விற்றனர். டர்பன் நகரத்தார்க்குக் கீரையும் கனியும் இவர்களாலேயே மலிந்தன. தங்கள் சொந்தச் செலவில் வந்த குஜராத்தி வியாபாரிகள் கிரே தெருவிலும் அதன் சுற்றிலும் கடைகள் வைத்தனர். கூலியாய் இருந்தவரையில் வேண்டப்பட்ட இந்தியன், சுயேச்சையாய் வாழத் தலைப்பட்டவுடன் வேண்டாதவன் ஆயினான். திரும்பும் கப்பற்செலவுக்கு ஈடாக நிலம் பெறும் வழி 1891-இல் அடைக்கப்பட்டது. 1895-ஆம் வருஷத்துச் சட்டம், மறு ஒப்பந்தம் செய்யாமலும் ஊர் திரும்பாமலும் தங்குவோர்மேல் வருஷத்திற்கு 3 பவுன் வரி விதித்தது. மூன்று பவுன் என்பது முதல் வருஷக் கூலியில் ஆறு மாதத்துச் சம்பளம். பின்னர் 1903-இல் பதினாறு வயது கடந்த மைந்தரும் பதின்மூன்று வயது கடந்த பெண்களும் இவ்வரிக்கு உட்படுத்தப்பட்டமையால், அத்தகைய மக்கள் இருவரையுடைய குடும்பம் 12 பவுன் செலுத்தவேண்டியதாயிற்று. 1897-இல், ஐரோப்பிய பாஷை ஒன்று எழுதத் தெரியாதவர் புதிதாய் வந்திறங்கலாகாது என்று மற்றொரு சட்டம் பிறந்தது.

நிற்க. 1893-இல் வழக்கொன்றின் பொருட்டு ஓராண்டுக்கென டர்பனுக்கு வந்த காந்தியடிகள், 1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தோற்றுவித்தார். அக்காலத்தே எஜமானனால் பல் உடைபட்டு, தலைப்பாகையைக் கையிலேந்தி அழுதுகொண்டு அவர்முன் வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலியின் வழக்கே ஒப்பந்தத் தொழிலாளரை அவரிடம் சேர்த்தது. 1913-இல் டிரான்ஸ்வாலினின்றும் வந்த தமிழ்ப் பெண்மணிகள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யுமாறு வேண்டினர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் எல்லை கடந்து நடந்தனர். கடற்கரைக் கரும்புத் தோட்டங்களிலும் வேலை நின்றது. சிறைசென்று நோயுற்று மீண்ட தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் பதினாறாம் பிராயத்தில் உயிர்நீத்தாள். அவ்வருஷமே மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது. நம் சமய முறைப்படி நிகழ்ந்த ஒருமனைவி மணமும் சட்டத்தால் ஏற்கப்பட்டது.

ஆயினும் வழக்கு முடிந்தபாடில்லை. 1927-இல் இரு சர்க்காரும் செய்துகொண்ட கேப்டவுன் உடன்படிக்கை, ஊர் திரும்ப விரும்புவோர்க்குப் பணவுதவி அளிப்பதென்றும், தங்குவோரை முன்னேற்றுவதென்றும் இருதலையாய் அமைந்தது. இந்திய சர்க்காரின் முதல் ஏஜெண்டாகச் சென்ற வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் தங்கினோரது கல்விக்காக முயன்றார். அவர் பெயரால் சாஸ்திரி கல்லூரி 1929-இல் டர்பனில் திறக்கப்பட்டது. உதவிப்பணம் பெற்றுத் திரும்பினோர் கதையோ இரங்கத்தக்கது. 1931-இல் பவானி தயாள் சந்நியாசி வெளியிட்ட அறிக்கை அவர்கள் படும் பாட்டை விரித்துரைத்தது. நேட்டாலிற் பிறந்து வளர்ந்த பலர் முன்னோர் நாட்டை அடைந்தபோது, ஜாதி கெட்டவர் என்று சொந்த ஊராரே அவர்களை ஒதுக்கினர். அங்கே அந்நியர் என்றனர் வெள்ளையர். இங்கே அந்நியர் என்றனர் உறவினர். நம் சமூகங்கள் இவ்விஷயத்தில் வெள்ளைத் துரைத்தனத்தாரைக் குறைகூறுமுன் தம்மையும் நோக்குதல் தகும்.

அங்கேயே நிலைத்தவர்கள் தாம் வாழ வந்தவர் என்பதைக் கோயிலாலும் பள்ளியாலும் நிறுவினர். தோட்டத்து மூலையில் தகரக் கொட்டகையாய் எழுந்த மாரியம்மன் கோயில்கள் நாளடைவில் கற்கோயில்களாயின. ஆடியிற் கூழ் வார்த்தலும், தைப்பூசத்திற் காவடி எடுத்தலும், தீமிதியும் இன்றளவும் நடைபெறுகின்றன. தோட்ட வேலைக்கு ஈஸ்டர் பண்டிகையில் விடுமுறை கிடைத்தமையால், இஸிப்பிங்கோ மாரியம்மனுக்குப் பெரிய வெள்ளியன்றே பெருந்திருவிழா நிகழும் வழக்கம் உண்டாயிற்று. நகர சுத்தித் தொழிலாளர் குடியிருந்த மகஸீன் பாரக்ஸ் என்னும் நெருக்கமான குடியிருப்பிலும் தமிழ் வகுப்பும் கூத்தும் ஓங்கின.

1943-இல் டர்பனில் இந்தியர் வெள்ளையரிடம் நிலம் வாங்குதல் தடுக்கப்பட்டது. 1946-இல் அத்தடை நிலையான சட்டமாயிற்று. அவ்வருஷம் ஜூன் 13-ஆம் தேதி, உம்பிலோ வீதியும் கேல் தெருவும் கூடும் மூலையில், நகராண்மைக்குரிய வெற்றுநிலத்திற் கூடாரமடித்து நம்மவர் சாத்விக எதிர்ப்பைத் தொடங்கினர். டாக்டர் மான்டி நாயக்கர், டாக்டர் கூனம் அம்மையார் முதலாக ஏறக்குறைய 2,000 பேர் சிறை புகுந்தனர். 1947-இல் நாயக்கரும் தாதூவும், ஆப்பிரிக்கர் தலைவராகிய டாக்டர் ஷூமாவும் ஒருங்கே உழைப்பதென உடன்பாடு செய்துகொண்டனர். ஆயினும் தலைவர் உடன்பாடு தெருவிற்கு எட்டுமுன், 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்க்கும் இந்தியர்க்கும் கலகம் மூண்டு 142 பேர் மாண்டனர். மாண்டோருள் ஆப்பிரிக்கரே பெரும்பாலார் என்பதும், நிலமிழந்து நகருக்கு வந்த ஜூலு ஜனங்களுக்குக் கடைக்காரனும் வீட்டுக்காரனும் இந்தியனாகவே காணப்பட்டான் என்பதும் நாம் மறைக்கத்தக்கன அல்ல.

1950-இல் இனவாரிப் பகுதிச் சட்டம் வந்தது. 1958 முதலாக டர்பன் நகரம் நிறத்திற்கேற்பக் கூறுபடுத்தப்பட்டது. கேட்டோ மேனரில் இந்தியர் தம் கையாற் கட்டிய வீடுகளையும் தோட்டங்களையும் இழந்து சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டனர். அவ்விடத்தே குடியிருந்த ஆப்பிரிக்கர் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் துரத்தப்பட்டனர். மகஸீன் பாரக்ஸும் காலியாயிற்று. 1976-இல் உம்கேனி ஆற்று வெள்ளத்தில் வீடிழந்தோர் பீனிக்ஸ் என்னும் புதுக் குடியிருப்பிற் சேர்க்கப்பட்டனர். இதனிடையே 1961-இல்தான், இந்தியர் தென்னாப்பிரிக்காவின் நிலையான குடிகள் என்று அச்சர்க்கார் முதன்முதல் ஒப்புக்கொண்டது. நாடு உனது என்று கூறிய அதே காலத்தில் வீடு உனதன்று என்றதும் அதே சர்க்காரே. வாக்குரிமையோடு கூடிய முழுக் குடியுரிமை 1994-இலேயே கிட்டியது. 1996-ஆம் வருஷத்து அரசியற் சாசனம், பேணி மதிக்கத்தக்க பாஷைகளுள் தமிழையும் பெயர் சுட்டி வைத்துள்ளது. எனினும் வீட்டு மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகிவிட்டது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து ஓதுவோர் பலர்.

இந்நாளில் டர்பனுக்குச் செல்வோர் கடற்கரையோடு திரும்பாமல், நகருக்கு வடக்கேயுள்ள இனாண்டாப் பகுதியையும் கண்டுவருதல் நலம். அங்கே காந்தியடிகள் 1904-இல் நிறுவிய பீனிக்ஸ் ஆசிரமமும், ஆப்பிரிக்கர் காங்கிரஸின் முதல் தலைவராகிய ஜான் டூபே நிறுவிய ஒலாங்கே பள்ளியும் அண்டை அயலாய் உள்ளன. 1985-இல் கலகத்தில் எரிந்த ஆசிரமம் 2000-இல் மறுபடியும் திறக்கப்பட்டது. 1994-இல் மண்டேலா தம் முதல் வாக்கை இட்டது அவ்வொலாங்கே பள்ளியில்தான். 2021 ஜூலைக் கலகத்திலோ, ஆசிரமத்தின் பெயரைத் தாங்கிய பீனிக்ஸ் குடியிருப்பிலேயே 36 பேர் கொல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலார் ஆப்பிரிக்கர். ஒரு நாட்டில் வாழ்தல் என்பது சட்டத்தால் மாத்திரம் முடிவதன்று. அயலாரோடு கூடி வாழக் கற்றலும் அதன் பாற்படும் என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும்.

இப்பொழுது அந்நாட்டினின்றும் ஐந்தாந் தலைமுறையினர், கப்பற் பதிவேட்டின் பிரதியைக் கையிற்கொண்டு, வடஆற்காட்டுக் கிராமங்களில் முன்னோர் இருந்த இடத்தைத் தேடி வருகின்றனர். அவர்களுக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். ஏட்டிலுள்ள ஜாதியும் பெயரிலுள்ள பட்டமும் மாறுபட்டிருக்கலாம். அக்காலத்துத் திரும்பினோர்க்கு நம் முன்னோர் கதவடைத்த பழி நம்மேல் உள்ளது. ஆதலின் அன்பர்கள் அவர்கள்பால் குலம் வினவுதலை விடுத்து, ஊரைக் கேட்டு வழிகாட்டி, இலையிட்டு உபசரித்து அனுப்புதலே இவ்வரலாற்றை அறிந்ததன் பயனாகும்.