கானா

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி வளைகுடாவை ஒட்டிய நாடு. தலைநகர் அக்ரா, நாணயம் ‘சீடி’ (cedi), அலுவல் மொழி ஆங்கிலம். பிரிட்டிஷாரின் ‘கோல்டு கோஸ்ட்’ காலனியாக இருந்து, 1957 மார்ச் 6 அன்று குவாமே என்க்ரூமா தலைமையில் விடுதலை பெற்றது.

அங்கு செல்வோருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தபிறகே அது செல்லும். இந்தியா திரும்பும்போதும் அதைக் கேட்பார்கள். மலேரியா ஆண்டு முழுதும் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆனால் இடையில் சகாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று ஊரையே புழுதியில் மூழ்கடிக்கும். வடக்கே மோலே காட்டில் யானைகளைப் பார்க்க இந்த மழை குறைந்த மாதங்களே ஏற்ற பருவம்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் கடலோரக் கோட்டைகளுக்குப் போகலாம். எல்மினா கோட்டையைப் போர்த்துகீசியர் 1482இல் தங்க வணிகத்துக்காகக் கட்டினர். 1637இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். பின்னர் அடிமை வணிகமே அதன் முதன்மைத் தொழிலானது. காற்றும் வெளிச்சமும் அற்ற நிலவறைகள், அவற்றுக்கு மேலே ஆளுநரின் விசாலமான அறைகள்: கட்டட அமைப்பே வரலாற்றைச் சொல்லிவிடும். அருகிலுள்ள கேப் கோஸ்ட் கோட்டையும் அத்தகையதே. அவசர அவசரமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் அல்ல இவை.

ஊர்ப் பயணத்துக்கு ‘ட்ரோட்ரோ’ எனும் வேன்கள். நேர அட்டவணை கிடையாது, ஆள் நிரம்பினால் புறப்படும். பணத்தை இடக்கையால் நீட்டுவது அங்கும் மரியாதைக் குறைவு. சைவர்களுக்கு ‘ரெட் ரெட்’ கைகொடுக்கும்: பாமாயிலில் வெந்த தட்டைப்பயறும் பொரித்த பழுத்த வாழையும். மீன் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.