பிறர் பணம்: ஷிவ் நாடாரும் ஸ்ரீதர் வேம்புவும்

2025 மே மாதம் சிப் தயாரிப்புத் திட்டத்தை ஜோஹோ கைவிட்டது. அரசு உதவியின்றி நடக்காத தொழில் அது. வரிப்பணத்தைத் தொடுவதற்கு முன் தொழில்நுட்பத்தில் முழு நம்பிக்கை வேண்டும், அது தங்களுக்கு வரவில்லை என்று அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதம், எச்.சி.எல்.லும் பாக்ஸ்கானும் சேர்ந்து உத்தரப் பிரதேசத்தின் ஜேவரில் 3,706 கோடி ரூபாயில் அமைக்கும் சிப் ஆலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஜோஹோ, எச்.சி.எல். இரண்டையும் கட்டியெழுப்பியவர்கள் தமிழர்கள். அடுத்தவர் பணத்தை அணுகுவதில் இந்த வேறுபாடு ஆரம்பம் முதலே உண்டு.

திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி.யில் படித்த ஷிவ் நாடார், டெல்லியில் டி.சி.எம். நிறுவனத்தில் பார்த்த வேலையை நண்பர்களோடு உதறினார். முதல் 1,87,000 ரூபாய். கணினி செய்ய அது எந்த மூலைக்கு? கால்குலேட்டர் விற்றுக் காசு சேர்த்தார்கள். உத்தரப் பிரதேச அரசுக்கு 26 சதவீதப் பங்கு கொடுத்து 1976இல் எச்.சி.எல்.லைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது இவர்கள் களத்தில் இருந்தார்கள். கூட்டுச் சேராமல் இருந்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவியிருக்கும்.

வேம்புவுக்கு ஆலை தேவைப்படவில்லை. சென்னை ஐ.ஐ.டி., பிரின்ஸ்டன், குவால்காம் என்று போன அவர் 1996இல் சகோதரர்களோடும் நண்பர்களோடும் தொடங்கிய அட்வென்ட்நெட் ஒரு மென்பொருள் நிறுவனம். மாதச் சம்பளம் கொடுக்க முடிந்தால் வண்டி ஓடிவிடும். வெளி முதலீட்டை மறுத்தார். 2001 வாக்கில் தொலைத்தொடர்புத் துறை சரிந்து வாடிக்கையாளர்கள் காணாமல் போனபோதுதான் அந்த மறுப்பின் அருமை தெரிந்தது. காலாண்டு லாபம் எங்கே என்று கேட்க வெளியாள் யாருமில்லை. வேலையில்லாமல் இருந்த பொறியாளர்களைப் புதுப் படைப்புகளில் இறக்கினார். மேனேஜ்எஞ்ஜினும், பின்னாளில் நிறுவனத்துக்கே பெயரான ஜோஹோவும் அந்த ஆண்டுகளின் விளைச்சல்.

பங்குச்சந்தைக்குப் போன நாடாரின் செல்வம் எஸ்.எஸ்.என். கல்லூரியாகவும், உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பிள்ளைகளுக்கான இலவச வித்யாஞான் பள்ளிகளாகவும் ஆனது. தொழிலுக்கு வெளியே அவர் செய்தது வேம்பு செய்ததைவிடப் பெரிது. தொழிலுக்குள்ளே என் மனம் வேம்புவின் பக்கமே சாய்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களை வேலைக்குப் பழக்குவதை இருவரின் நிறுவனங்களுமே செய்கின்றன; ஆனால் எச்.சி.எல்.லின் டெக்பீ திட்டத்தில் பயிற்சிக்குக் கட்டணம் உண்டு, ஜோஹோ பள்ளியில் படிக்கும்போதே மாணவருக்கு உதவித்தொகை தருகிறார்கள்.