பானையும் ஃப்ரிட்ஜும்: ஸ்ரீமுஷ்ணத்துச் சமையலறையிலிருந்து ஓர் ஒப்பாய்வு

பூமியைக் காக்க வீட்டு வசதிகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், பலரும் முதலில் கைகாட்டுவது ஃப்ரிட்ஜை. அதற்கு மாற்றாகச் சொல்வது மண்பானையை. இந்த இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க ஸ்ரீமுஷ்ணம் மிகப் பொருத்தமான ஊர். பூவராகப் பெருமாள் கோயில் கொண்ட இந்த ஊருக்கு வடமேற்கே பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம். வடக்கே மின்சாரம் விளையும் நெய்வேலி. மண்ணும் மின்சாரமும் எங்கிருந்து வருகின்றன, எதைக் கொடுத்து வருகின்றன என்பதை இங்கிருந்தே பார்க்க முடியும்.

குளிரும் விதம்

பானையின் சுவர் முழுக்க நுண்துளைகள். உள்ளே இருக்கும் நீர் அவற்றின் வழியாகக் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான வெப்பத்தை உள்ளிருக்கும் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. 5 லிட்டர் தண்ணீரை 8 டிகிரி குளிர்விக்க, கணக்குப்படி ஏறக்குறைய 70 மில்லி ஆவியானால் போதும்; வெளிச்சூடு உள்ளே புகுவதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் ஆகும். ‘பானை வேர்த்தால்தான் தண்ணீர் குளிரும்’ என்று வீடுகளில் சொல்வது இதைத்தான்.

அந்த வேர்வைக்குச் சூளையின் சூடு அளவோடு இருக்க வேண்டும். பீங்கானைப்போல 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால் துளைகள் உருகி அடைபட்டுவிடும். பீங்கான் ஜாடியில் ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கும், அதே ஜாடியில் தண்ணீர் குளிராமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே.

ஃப்ரிட்ஜிலும் ஒரு திரவம் ஆவியாகித்தான் குளிர் பிறக்கிறது. ஆனால் அந்த ஆவி வெளியே போவதில்லை. கம்ப்ரஸர் அதை அழுத்தி, வெப்பத்தைப் பின்பக்கக் குழாய் வழியே அறைக்குள் தள்ளி, மீண்டும் திரவமாக்குகிறது. வெளியே 40 டிகிரி அடித்தாலும் உள்ளே 4 டிகிரி நிற்கும். பானைக்கு அந்த உறுதி கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் காய்ந்த மேல்காற்று வீசும்போது அருமையாகக் குளிரும். ஐப்பசியின் ஈரக்காற்றில் மந்தமாகிவிடும்.

எரிபொருளின் கணக்கு

பானை சுடவும் விறகு எரிகிறது. ஆனால் ஒருமுறை எரிவதோடு சரி. ஃப்ரிட்ஜ் தன் ஆயுள் முழுக்க எரிபொருள் கேட்கிறது. ஒற்றைக் கதவுச் சிறிய ஃப்ரிட்ஜ் ஆண்டுக்குச் சுமார் 200 யூனிட் இழுக்கும். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி வேண்டும். கம்பியில் காற்றாலை மின்சாரமும் சூரிய மின்சாரமும் கலந்து வந்தாலும், நெய்வேலியின் பங்கும் அதில் இருக்கிறது.

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கியது. 1962 முதல் மின்சாரம் தருகிறது. அங்கே நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஆர்ட்டீசியன் ஊற்று. அதன் அழுத்தம் சுரங்கத்தை உடைத்துவிடாமல் இருக்க, இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கான பரவனாற்று மாற்றுப்பாதைக்காக, கதிர்விடும் பருவத்து நெற்பயிருக்குள் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அது சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். நம் வீட்டுக் குளிர்ச்சிக்கான விலையில் ஒரு பங்கு அந்த வயலில் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா, 1945-இல் வெளிவந்த ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலில், தேங்கிய இருப்பைத் தின்று தீர்க்கும் பொருளாதாரத்தையும் இயற்கையின் ஓட்டத்தில் கிடைப்பதைக் கொண்டு வாழும் பொருளாதாரத்தையும் பிரித்துக் காட்டினார். நிலக்கரி முதல் வகை. காற்றையும் வண்டல் மண்ணையும் நம்பி நிற்கும் பானை இரண்டாம் வகை.

ஆனால் வீட்டுக்கு வரும் பில்லில் இந்த வேறுபாடு தெரியாது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சிறிய ஃப்ரிட்ஜின் இரண்டு மாதச் செலவு 35 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

வீட்டு வேலையின் கணக்கு

எரிபொருள் கணக்கில் பானைக்கே வெற்றி. இனி வீட்டு வேலையைப் பார்ப்போம். இட்லி மாவு ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். கோடையில் வெளியே வைத்தால் மறுநாளே புளித்துப்போகும். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் நாள் விட்டு நாள் அரைக்க வேண்டும், காலையிலும் மாலையிலும் அடுப்பு மூட்ட வேண்டும், காய்கறியை அன்றன்றைக்கு வாங்க வேண்டும். இந்த வேலை முழுக்க யார் தலையில் விழும் என்று கேட்காமல் எளிய வாழ்வைப் புகழ்வது நியாயமல்ல. கணவன் வசதியைத் துறக்க, மனைவி அதற்கு உழைப்பது துறவாகாது.

மருந்தும் இருக்கிறது. இன்னும் திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல பானையும் அந்த நிலைக்கு இறங்காது. சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் ஃப்ரிட்ஜ் ஆடம்பரம் அல்ல.

பானைக்கும் பராமரிப்பு வேண்டும். உப்புச் சத்துள்ள போர்த் தண்ணீரை ஊற்றினால் ஓரிரு கோடையில் துளைகள் அடைபட்டு, வேர்ப்பது நின்றுவிடும், பிறகு புதுப்பானைதான். ஆனால் பழைய பானை உடைந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். பழைய ஃப்ரிட்ஜ் அப்படியல்ல. ஆர்-134ஏ வாயு கொண்ட ஃப்ரிட்ஜை அலட்சியமாக உடைத்தால், கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு காற்றில் கலக்கும். 2016 கிகாலி ஒப்பந்தம் இத்தகைய வாயுக்களைக் குறைக்கத்தான் வந்தது.

எதை விடுவது?

இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே பிழை. தண்ணீர், கீரை, தக்காளி, பழையசோறு இவை பானையின் வேலை. மாவு, பால், மருந்து இவை ஃப்ரிட்ஜின் வேலை. நம் வீடுகளிலோ ஃப்ரிட்ஜின் கதவு அடிக்கடி திறப்பது தண்ணீர் பாட்டிலுக்காக. பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கத் தூண்டுவதும் பாட்டில்களும் காய்கறியும் பிடிக்கும் இடம்தான். இவற்றைப் பானைக்கு மாற்றினால் ஃப்ரிட்ஜே வேண்டாம் என்று ஆகிவிடாது. சிறிய ஃப்ரிட்ஜே போதும் என்று ஆகும். ஆகவே விட வேண்டியது ஃப்ரிட்ஜை அல்ல, அடுத்த முறை வாங்க நினைக்கும் பெரிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜை.

காய்கறியை மண்கலத்துக்கு மாற்றுவதற்கு முன்னுதாரணமும் உண்டு. குஜராத்தில் பீங்கான் தொழில் சூழ்ந்த வாங்கானேரில், குயவர் குடும்பத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு மின்சாரமில்லாத களிமண் ஃப்ரிட்ஜை உருவாக்கினார். ‘மிட்டிகூல்’ என்ற பெயரில் அது காய்கறியைச் சில நாள் வாடாமல் காக்கிறது. விருத்தாசலத்திலும் சூளைகள் இருக்கின்றன, அரசுப் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இருக்கிறது, மண்ணறிந்த கைகள் இருக்கின்றன. காய்கறிக்குத் தட்டு, தண்ணீருக்குக் குழாய், உப்பு அடைத்தால் மாற்றிக்கொள்ளும் உள்பானை என்று நம் சமையலறைக்கு ஏற்ற ஒன்றை அங்கே வடிவமைக்க முடியும். வசதியைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள், அப்படிக் குறைத்தபின் பெண்களின் வேலை கூடாமல் இருக்க வழி செய்வதையும் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டும்.