மேகம் கருக்கொள்ளும் நாட்கள்

மதுரை கே.கே. நகரை ஒட்டிய வண்டியூர்க் கண்மாயும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் வானத்தை நம்பி வாழ்ந்த மண். 1895இல் முல்லைப் பெரியாற்று நீர் வைகைக்குத் திரும்பிய பின்னரும், அந்நீர் எட்டாத மானாவாரி நிலங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே கதியாயிற்று. ஆகவே உழவர் வானத்தை ஒரு நூலைப் போல் வாசிக்கக் கற்றனர்.

எறும்பு முட்டையுடன் மேடேறுவதும், தட்டான் தாழப் பறப்பதும், நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டுவதும் அண்மை மழைக்கான அறிகுறிகள். நிலவைச் சூழும் வட்டம், உயரத்து மெல்லிய மேகங்களின் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் தோன்றுவது. அத்தகைய மேகங்கள் பல வேளைகளில் மழை மேகங்களுக்கு முன்னோடியாக வருவதுண்டு. ஆண்டு முழுமைக்குமான கணிப்புக்கோ கர்ப்போட்டம் இருந்தது. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் ஏறத்தாழ 14 நாட்களில் மேகம் கருக்கொள்வதாகக் கருதி, அந்நாட்களின் மேகத்தையும் காற்றையும் கொண்டு வரும் பருவத்தின் மழையை மதிப்பிட்டனர். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதை, அக்கரு 195 நாட்களில் மழையாகப் பிறக்கும் எனக் கணக்கிடுகிறது.

இதனைப் படிக்கையில் அரபுகளின் 'அன்வா' மரபு நம் நினைவுக்கு வருகிறது. அவர்கள் ஆண்டை 28 விண்மீன் நிலைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 நாட்கள் வகுத்தனர். ஒரு நிலை விடியலில் மேற்கே மறையும் காலத்தை மழையோடு இணைத்தனர். நாம் கார்த்திகை என்பதையே அவர்கள் ஸுரய்யா என்றனர். இப்னு குதைபா (இறப்பு 889) இம்மரபைக் 'கிதாபுல் அன்வா'வில் தொகுத்தார்.

இங்கே ஈமான் தொடர்பான வினா எழுகிறது. ஹிஜ்ரி 6இல் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்தபின், மழையை அல்லாஹ்வின் அருளாகக் கண்டவரையும் விண்மீனின் செயலாகக் கண்டவரையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வேறுபடுத்திக் காட்டினார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ, விண்மீனின் பெயரால் காலத்தை மட்டும் குறிப்பது குஃப்ராகாது என விளக்கி, ஆயினும் வேறு சொல்லே தமக்கு உவப்பானது என்றார்கள்.

அறிகுறி வேறு, காரணன் வேறு என்பதே இதன் சாரம். தட்டானைக் கண்டு விதைப்புக்கு ஆயத்தமாகும் உழவர், மழை பொய்த்தால் திறந்த வெளியில் கூடி இஸ்திஸ்கா தொழுவதில் முரண் எதுவுமில்லை. கர்ப்போட்டக் கணிப்பை இன்றைய வானிலை இயல் ஏற்பதில்லை என்பது உண்மையே. எனினும் அண்மை அறிகுறிகள் பல தலைமுறைகளின் கூர்ந்த கவனிப்பில் விளைந்தவை. மூதாதையர் நாவிலிருந்து அவை மறையுமுன் எழுத்தில் பதிவு செய்வது நமக்குரிய பொறுப்பாகும்.