மலைமேல் வனமும் மரத்தடி முனியும்

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பாதை நெடுகிலும் மட்டமாகக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைகளே தொடர்ந்துவர, அவற்றுக்கெல்லாம் மேலே 7,359 அடி உயரத்தில் சிவனொளிபாதமலை மட்டும் வனத்தைப் போர்த்து நிற்பதைக் காணும் யாத்திரிகர், அவ்வனம் எஞ்சியதற்கு ஒரு சரித்திரம் உண்டென்பதைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உரிமைப் பத்திரம் காட்டப்படாத காடுகளை முடிக்குரிய நிலமாக்கிற்று. ஏக்கர் 5 ஷில்லிங் வீதமும் விலைபோன அக்காடுகள் கோப்பிக்காக எரிந்தன. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி மடிந்தபின், தேயிலைக்காக மேலும் உயரத்தில் கோடரி ஏறியது. 1873இல் கியூ தாவரத் தோட்டத்தின் அதிபர் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்கவேண்டுமென்று எழுதினார். மலையைச் சூழ்ந்த வனம் சரணாலயமாகப் பிரகடனம் பெற்றதோ 1940இல்தான்.

சட்டம் விழிப்பதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பக்தி விழித்திருந்தது. பதினொன்றாம் நூற்றாண்டு மன்னன் முதலாம் விஜயபாகு, பாதமலை யாத்திரிகரின் அன்னதானத்துக்குக் கிராமங்களை மானியமாக விட்ட செய்தியை அம்பகமுவைக் கல்வெட்டு கூறுகிறது. 1344இல் பயணி இபின் பதூதா இம்மலையில் ஏறினார். சைவர் சிவனடியென்றும், பௌத்தர் புத்தர் பாதமென்றும், இஸ்லாமியர் ஆதம் நபியின் சுவடென்றும், கிறிஸ்தவருள் சிலர் புனித தோமையாருடையதென்றும் ஒரே பாறையை வணங்கினர். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு யாத்திரைக் காலம் முடிய, எஞ்சிய மாதங்களில் மழைக்கும் பனிக்கும் காட்டு ஜீவன்களுக்குமே மலை உரியதாகிறது. சரிவின் செங்குத்தும் குளிரும் அவ்வனத்தைக் காத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் களனி கங்கையும் களு கங்கையும் பிறக்கும் அக்காட்டை விற்பனைக்குரிய பொருளாக எவரும் துணிந்து எண்ணாதபடி தடுத்தது அந்தச் சிரத்தையே என்பது என் துணிபு.

கீழே, காடு அழிந்த மலைகளில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம் தெய்வங்களை எங்கே வைத்தார்கள்? லயத்துக்கு அப்பால், கோடரிக்குத் தப்பிய ஒரு மரத்தடியில்! மஞ்சள் பூசிய கல், துருவேறிய சூலம், எண்ணெய் படிந்த அகல், வேரில் சுற்றிய சிவப்புத் துணி: இவ்வளவே முனியாண்டியின் ஆலயம். ஆலையின் சக்கரத்துக்கு ரோதைமுனி, கவ்வாத்துக்குக் கவ்வாத்துசாமி. கத்திகளை அவர்முன் வைத்துப் பூசையிட்ட பின்னரே செடியில் வெட்டு விழும். வெட்டுவதற்கு முன் அனுமதி வேண்டும் மனம் அது. ஒரு சாண் நிலமும் சொந்தமில்லாத மக்கள், சாமி மரமென்று ஒரு சொல் சொல்லி, ஒரு மரத்தையும் அதன் நிழலையும் சில இடங்களில் அதனடியில் கசிந்து பீலிக்கு வந்த நீரையும் காத்துவிட்டார்கள். துரையின் கணக்கேட்டில் அம்மரம் விறகு. அவர்களுக்கோ அது குடியிருக்கும் தெய்வம்.

2010இல் பாதமலைச் சரணாலயத்தை உள்ளடக்கிய மத்திய மலைப்பிரதேசம் உலக மரபுரிமையாயிற்று. ஆனால் பருவம் முடிந்ததும் படிகளின் ஓரத்துப் புதர்களில் மிஞ்சுவது பிளாஸ்டிக் போத்தலும் பொலித்தீன் பையும். நீராடித் தூய்மை பெற்று ஏறும் சீதகங்குல ஓடைக்கும் அக்குப்பை தப்பவில்லை. தோட்டங்களிலோ வேறுவகை அபாயம்: மரத்தடிச் சாமிக்குக் கோபுரமும் சீமெந்து மண்டபமும் எழும்பும்போது, எந்த மரத்தின் கீழ் அச்சாமி நூறாண்டு வீற்றிருந்ததோ அம்மரமே இடைஞ்சலென்று வெட்டப்படுகிறது.

ஆலய பரிபாலன சபையாருக்கு ஒரு விண்ணப்பம்: கோபுரம் கட்டுங்கள், கும்பாபிஷேகமும் செய்யுங்கள், ஆனால் திட்டம் வரையும்போதே சாமி மரத்தையும் ஊற்றுக்கண்ணையும் அதில் குறித்து, அவற்றை விட்டுச் சுவரெழுப்புங்கள். மலையேறும் யாத்திரிகர் கொண்டுசென்ற போத்தலைத் தாமே திரும்பக் கொண்டுவரட்டும்.